ஸ்டில்ட் மேல் நிற்கும் பழைய அப்பார்ட்மென்ட்: நிலநடுக்கச் சோதனை என்றால் எதற்குப் பணம் கொடுப்பது?

போன மாதம் நங்கநல்லூரில் சித்தி குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டில் அசோசியேஷன் மீட்டிங். பெயின்ட் அடிப்பதைப் பற்றிப் பேசத்தான் கூடியிருந்தார்கள். 12 வீடு, கீழே சுவரில்லாமல் பில்லர்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே 3 மாடி, 1996இல் குடிவந்த கட்டடம். முந்தின நாள் பெயின்ட் கான்ட்ராக்டரின் ஆள் கீழே ஒரு பில்லரைச் சுரண்டியிருக்கிறார், பூச்சோடு சேர்ந்து கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் கவரும் ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்து, உள்ளே கம்பியும் அதைச் சுற்றியிருந்த ரிங்கும் துருவேறித் தெரிந்தன. அதைப் பார்த்தபிறகு யாருக்கும் பெயின்ட் கலர் பேச மனசு வரவில்லை. ஒருவர் ஸ்டெபிலிட்டி சர்டிஃபிகேட் வாங்கிவிடலாம் என்றார், ஒருவர் லேப் டெஸ்ட்டுக்குக் கோட்டேஷனே கையில் வைத்திருந்தார், இரண்டாம் மாடிக்காரரின் மகன் கம்ப்யூட்டரில் முழுக் கட்டடத்தையும் மாடல் போட்டுப் பார்க்க வேண்டும் என்றான், இன்னொருவர் இதெல்லாம் வீண், இடித்துவிட்டு ஒரு பில்டரோடு கூட்டாகப் புதிதாகக் கட்டும் ஜேவி போடலாம் என்றார்.

தலைவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க ஸ்ட்ரக்சுரல் டிசைன்லதானே இருக்கீங்க. 12 வீட்டுக்காரங்ககிட்ட பணம் ஒரு தடவைதான் கேக்க முடியும். எதுக்குக் கேக்கறது?" என்றார்.

சரியான கேள்வி. அன்றைக்குப் பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் வேளச்சேரி, ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், அண்ணா நகர் என்று எங்கே போனாலும் 1990களில் கட்டிய இதே மாதிரிக் கட்டடம்தான் வரிசையாக நிற்கிறது.

முதலில், சென்னைக்கு எதற்கு நிலநடுக்கக் கவலை என்று கேட்பவர்களுக்கு. 2002இல் நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 1893 திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அந்தப் பதிப்பில் ஆட்டத்தின் கடுமையைக் குறிக்க இரண்டாம் மண்டலத்துக்கு உள்ள எண் 0.10, மூன்றாவதுக்கு 0.16. ஒரே கட்டடத்துக்குக் கணக்கில் வரும் பக்கவாட்டு விசை 60 சதவீதம் கூடுகிறது. சித்தியின் கட்டடம் 1996, அதாவது அதற்கு முந்தியது. இன்னொன்று, 2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் கட்ச் பகுதியில் வந்த பூஜ் நிலநடுக்கத்தில் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல மாடிக் குடியிருப்புகள் தரைமட்டமாயின. அவற்றில் பெரும்பாலானவை கீழே கார் பார்க்கிங்குக்காகத் திறந்து விட்ட கட்டடங்கள். அகமதாபாத் எந்த மண்டலம் தெரியுமா? மூன்று. 2002இல் சென்னை மாற்றப்பட்ட அதே மண்டலம். கட்ச் அளவுக்கு ஆபத்தான பகுதி நமக்குப் பக்கத்தில் இல்லை, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அருகே கடலில் 5.5 அளவில் வந்ததைச் சென்னையில் பலர் உணர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கட்டில் ஆடியதும், 2012 ஏப்ரல் 11 மதியம் ஆபீஸ்களை விட்டு எல்லோரும் ரோட்டில் வந்து நின்றதும் மறந்திருக்காது. அந்த இரண்டும் சுமத்ரா பக்கம் வந்தவை, இங்கே வந்து சேர்ந்தது அதன் கடைசி அலைதான்.

இப்போது ஒவ்வொரு யோசனையாகப் பார்க்கலாம்.

ஸ்டெபிலிட்டி சர்டிஃபிகேட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இதுதான் எல்லாவற்றிலும் மலிவு. ஒரு இன்ஜினியர் வருவார், சுற்றிப் பார்ப்பார், விரிசல் இருக்கிறதா, பீம் தொங்கியிருக்கிறதா, கசிவு எங்கே என்று குறித்துக்கொண்டு, இப்போது இருக்கும் எடையைக் கட்டடம் தாங்குகிறது என்று எழுதிக் கொடுப்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கட்டடம் 1996இலிருந்து தாங்கிக்கொண்டுதானே நிற்கிறது. ஆனால் அது மேலிருந்து கீழே இறங்கும் எடை. நிலநடுக்கம் பக்கவாட்டில் பிடித்து உலுக்குவது, அதைக் கட்டடம் இதுவரை பலமாக ஒரு தடவைகூடச் சந்தித்ததில்லை. நான் முன்பு குடியிருந்த இடத்தில் இப்படி ஒரு சர்டிஃபிகேட் வாங்கி ஃபிரேம் போட்டு லிஃப்ட் பக்கத்தில் மாட்டினார்கள், அதில் நிலநடுக்கம் என்ற சொல்லே கிடையாது. வங்கிக்கோ வேறு ஆபீஸுக்கோ தேவை என்றால் வாங்குங்கள். இந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது.

லேப் டெஸ்ட் பேக்கேஜ் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். யாரும் மோசம் செய்வதால் அப்படி ஆவதில்லை, எதற்கு எது என்று கேட்காமல் வாங்குவதால் ஆகிறது. அன்று மேசைமேல் இருந்த கோட்டேஷனில் ஐந்து வரி. ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக், கோர், ஹாஃப் செல், கடைசியாகச் சின்னத் தொகையில் கவர் மீட்டர்.

ரீபவுண்ட் ஹேமர் என்பது கான்கிரீட் மேல் ஒரு ஸ்பிரிங் சுத்தியலை அழுத்தி, அது எவ்வளவு துள்ளுகிறது என்று பார்ப்பது. மேல்தோலைத்தான் அது பார்க்கிறது. பழைய கான்கிரீட் காற்றுப் பட்டுப் பட்டு மேலே கெட்டியாகியிருக்கும், அதனால் உள்ளே இருப்பதைவிட நல்ல எண் காட்டும். இதை மட்டும் வைத்துச் சொல்லும் வலிமையில் 25 சதவீதம் மேலே கீழே போகும் என்று நம் தர ஆவணமே சொல்கிறது. அல்ட்ராசோனிக் அதைவிட மேல், ஒலி கான்கிரீட்டுக்குள் விநாடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் நல்லது, 3க்குக் கீழே என்றால் உள்ளே ஏதோ சரியில்லை. கோர் எடுப்பதுதான் உண்மையான வலிமையைச் சொல்லும், சின்ன உருளையாக வெட்டி எடுத்து உடைத்தே பார்க்கிறார்கள். கோர் முடிவு எம்15 (சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் வலிமை) பக்கம் வந்தால் உடனே பில்டரைத் திட்ட வேண்டாம். கான்கிரீட் கட்டுமானத்துக்கான விதி ஐஎஸ் 456, அதன் 1978 பதிப்பு எம்15ஐ அனுமதித்தது, 2000இல் வந்த பதிப்பில்தான் எம்20 குறைந்தபட்சம் ஆனது. ஹாஃப் செல் துருவைப் பற்றியது. மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களும், உப்புத் தண்ணீரில் கட்டிய கட்டடக்காரர்களும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

எல்லாம் நல்ல சோதனைகள். ஆனால் இவை கான்கிரீட் எப்படி இருக்கிறது, கம்பி எப்படி இருக்கிறது என்று சொல்கின்றன. கட்டடம் ஆடினால் நிற்குமா என்று சொல்வதில்லை. கோர் முடிவு எம்25 என்றே வரட்டும், ஸ்டில்ட்டில் இருக்கும் பில்லர்களில் ரிங் 9 அங்குலத்துக்கு ஒன்று என்றால் அந்த எம்25 பெரிதாகக் காப்பாற்றாது.

இந்த ரிங் சமாச்சாரத்தைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. மீட்டிங் முடிந்ததும் கீழே போய் அந்த உடைந்த பில்லரை டார்ச் அடித்துப் பார்த்தேன். 9க்கு 15 அங்குல பில்லர். நெட்டுக்கம்பி 16 மில்லி. ரிங் 6 மில்லி. டேப் வைத்து அளந்தால் ஒரு ரிங்குக்கும் அடுத்ததற்கும் 9 அங்குலம், ஒரு இடத்தில் 10. ரிங்கின் நுனி எல் மாதிரி 90 டிகிரியில் மடங்கி, கவருக்குள் சும்மா படுத்திருக்கிறது. இது திருட்டு வேலை கிடையாது. எடை தாங்குவதற்கு மட்டும் எழுதிய அந்தக் கால விதிப்படி 9 அங்குல பில்லருக்கு 9 அங்குலத்தில் ரிங் செல்லும். நிலநடுக்கத்துக்காக எழுதிய ஐஎஸ் 13920 கேட்பது வேறு. பில்லரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒன்றரை அடி நீளத்துக்காவது 100 மில்லிக்குள், அதாவது 4 அங்குலத்துக்கு ஒரு ரிங், நுனி 135 டிகிரியில் உள்பக்கம் திரும்பி கான்கிரீட்டின் நடுவைக் கவ்வியிருக்க வேண்டும். ஆட்டத்தில் முதலில் கவர் தெறிக்கும். கவருக்குள் படுத்திருந்த 90 டிகிரி நுனி அப்போதே பிரிந்துவிடும். ரிங் பிரிந்தால் நெட்டுக்கம்பி வெளியே வளையும், நடுவில் இருக்கும் கான்கிரீட் பொடியாக உதிரும், மேல் மாடிகள் அப்படியே உட்காரும். 135 டிகிரி நுனி என்றால் கவர் போனாலும் ரிங் பிடியை விடாது. உயிரோடு இறங்கி ஓட நேரம் கிடைப்பது அந்த ஒரு மடிப்பில். பீமும் பில்லரும் சேரும் இடத்திலோ பெரும்பாலும் ரிங்கே இருக்காது, கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் இடத்தில் அதை நுழைப்பது கம்பி கட்டுபவருக்குக் கஷ்டம், யாரும் கேட்காவிட்டால் விட்டுவிடுவார்.

அதனால்தான் அந்தக் கோட்டேஷனில் கடைசி வரியில் இருந்த கவர் மீட்டரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பில்லர் மேல் நகர்த்தினால் உள்ளே எங்கெங்கே கம்பி, எவ்வளவு இடைவெளி என்று உடைக்காமலே காட்டும். நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை அந்தப் பேக்கேஜிலேயே அதிகப் பயன் அதுதான், விலையும் அதற்குத்தான் குறைவு.

அடுத்தது நான் சிபாரிசு செய்வது. ஐஎஸ் 15988 என்று 2013இல் ஒரு ஆவணம் வந்தது, ஏற்கெனவே நிற்கும் கான்கிரீட் கட்டடங்களை நிலநடுக்கத்துக்கு மதிப்பிடுவதற்கும் பலப்படுத்துவதற்கும் என்றே எழுதியது. அதில் இரண்டு படி, முதல்நிலை மதிப்பீடு, அப்புறம் விரிவான மதிப்பீடு. ஜப்பானில் 1977இலேயே இப்படிப் படிப்படியாகச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள், அங்கே மூன்று படி. எளிய படியில் தெளிவாகத் தேறினால் அடுத்ததுக்குப் போகத் தேவையில்லை என்பதுதான் எண்ணம்.

முதல்நிலை மதிப்பீட்டில் இன்ஜினியர் என்ன செய்வார்? கட்டடத்தின் உருவத்தைப் பார்ப்பார், பில்லர்களை அளப்பார், டிராயிங் இருந்தால் ஒப்பிடுவார், இல்லாவிட்டால் கவர் மீட்டரும் மூன்று நான்கு இடத்தில் கவரைத் திறந்து பார்ப்பதும். அப்புறம் ஒரு கணக்கு. அந்தக் கணக்கைச் சித்தி வீட்டுக்கு நானே ஒரு தாளில் போட்டுக் காட்டினேன், இங்கேயும் போடுகிறேன்.

ஒரு மாடி சுமார் 300 சதுர மீட்டர். சுவர், தளம், சாமான் எல்லாம் சேர்த்து 3 மாடியும் மொட்டைமாடியும் சுமார் 1000 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மண்டலம், சாதாரண மண், விசேஷ ரிங் கட்டு இல்லாத பழைய பில்லர்-பீம் ஃபிரேம். 2002 விதிப்படி பக்கவாட்டு விசை எடையில் 6.7 சதவீதம், அதாவது 67 டன். கீழே 20 பில்லர், ஆளுக்கு 3.3 டன். பழைய கட்டடத்துக்கு இனி மிச்சமிருக்கும் ஆயுள் குறைவு என்பதால் கொஞ்சம் குறைத்த விசைக்குச் சோதித்தால் போதும் என்ற சலுகையும் உண்டு, அப்போது பில்லருக்கு வருவது 3.3 டன்னைவிடவும் குறையும். இந்த எண்ணில் எம்15 பில்லர்கள் சராசரிக் கணக்கில் ஏறக்குறையத் தேறிவிடும். இங்கேயே ஃபைலை மூடிவிடுபவர்கள் உண்டு. மூடக்கூடாது. ஏனென்றால் மேலே மூன்று மாடியிலும் செங்கல் சுவர் பில்லர்களை இறுக்கிப் பிடித்திருக்கிறது, கீழே ஸ்டில்ட்டில் சுவரே இல்லை. மேலே ஒரு பெட்டி மாதிரி விறைத்து நிற்க, அசைவு முழுவதையும் கீழ்த்தள பில்லர்கள் மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். இதனால்தான் 2002 விதி இப்படிப்பட்ட தளத்தின் பில்லரையும் பீமையும் இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. 67 டன்னை இரண்டரையால் பெருக்கினால் பில்லருக்கு 8 டன்னுக்கு மேல். 9 அங்குல பில்லர் அதைத் தாங்காது.

இன்னொரு விஷயம் கணக்குப் போடாமலே கண்ணில் பட்டது. 20 பில்லரில் 16 ஒரே திசையில் நீள்கின்றன. கார் நுழைய வசதியாக அப்படி வைத்திருக்கிறார்கள். 15 அங்குலப் பக்கத்தில் ஒரு பில்லருக்கு உள்ள விறைப்பு 9 அங்குலப் பக்கத்தைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு. அப்படியென்றால் கட்டடம் தெருவை நோக்கிய திசையில் ஓரளவு நிற்கும், குறுக்குத் திசையில் அந்த விறைப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும்.

இதில் ஒரு பகுதியை நீங்களே ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துவிட்டுச் செய்யலாம். கீழே இறங்கிப் பாருங்கள். பில்லர்கள் எந்தப் பக்கம் நீண்டிருக்கின்றன? மேல் மாடி பில்லர் ஏதாவது கீழே வராமல் பீம் மேல் உட்கார்ந்திருக்கிறதா? லிஃப்ட்டைச் சுற்றியுள்ள சுவர் கான்கிரீட்டா, செங்கல்லா? பழைய கட்டடங்களில் பெரும்பாலும் செங்கல், அதைப் பலம் என்று கணக்கில் சேர்க்க முடியாது. ஜெனரேட்டர் ரூம், மோட்டார் ரூம், வாட்ச்மேன் ரூம் மூன்றும் ஒரே மூலையிலா? அப்படியென்றால் ஆட்டத்தில் கட்டடம் அந்த மூலையைச் சுற்றி முறுக்கும். பில்லரை ஒட்டிப் பாதி உயரத்துக்கு மட்டும் சுவர் எழுப்பி மேலே ஜாலி வைத்திருக்கிறார்களா? அந்த பில்லரில் அசையக்கூடிய நீளம் மேல் பாதி மட்டும், அது குட்டை பில்லராகிப் பக்கத்தில் இருப்பவற்றைவிட அதிக விசையை இழுத்து முதலில் வெடிக்கும். பக்கத்துக் கட்டடத்துக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி? திருவல்லிக்கேணி, சௌகார்பேட்டை மாதிரி ஒட்டி நிற்கும் தெருக்களில் தள உயரம் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் ஒருவரின் தளம் இன்னொருவரின் பில்லர் நடுவில் இடிக்கும்.

இப்படிச் சுற்றிப் பார்த்து மதிப்பெண் போடுவதையே ஒரு முறையாக அமெரிக்காவில் 1988 முதல் வைத்திருக்கிறார்கள். அது ஒரு ஊரில் ஆயிரக்கணக்கான கட்டடங்களில் எதை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்த உதவும். மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை, செய்தால் மிகவும் நல்லது. ஒரே கட்டடம் வைத்திருக்கும் அசோசியேஷனுக்கு அதன் பதில் முன்கூட்டியே தெரியும். ஸ்டில்ட் இருக்கிறது, 2002க்கு முந்தியது, அடுத்த படிக்குப் போங்கள் என்றுதான் வரும்.

இரண்டாம் மாடிப் பையன் சொன்ன கம்ப்யூட்டர் மாடல், புஷ்ஓவர் என்று சொல்வார்கள், கட்டடத்தை மாடலில் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போய் எந்த பில்லர் எப்போது உடைகிறது என்று பார்ப்பது. அருமையான கருவி, நான் வேலையில் பயன்படுத்துவது. ஆனால் மாடலுக்கு ஒவ்வொரு பில்லரிலும் என்ன கம்பி, ஒவ்வொரு பீமிலும் என்ன கம்பி என்று கொடுக்க வேண்டும். சித்தி வீட்டில் இருப்பது அப்ரூவ்டு ப்ளான் மட்டும், ஸ்ட்ரக்சுரல் டிராயிங் பில்டரோடு போய்விட்டது. டிராயிங் இல்லாமல் ஊகித்துப் போட்டால் கலர் கலராகப் படம் வரும், அதற்குப் பின்னால் இருப்பது ஊகம். தகவல் குறைந்தால் பலத்தையும் குறைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஐஎஸ் 15988 ஒரு குறைப்பு எண்ணே வைத்திருக்கிறது, நல்ல டிராயிங் இருந்தால் 1, தகவல் குறையக் குறைய அதுவும் கீழே இறங்கும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எட்டுப் பத்து மாடிக் கட்டடம் என்றால் முழு அனாலிசிஸ் கட்டாயம் வேண்டும். 12 வீட்டு ஸ்டில்ட் கட்டடத்துக்குச் சோதனைக் கட்டத்தில் அதற்குப் பணம் கொடுப்பதைவிட, பலப்படுத்தும் வேலைக்கு டிசைன் செய்யும்போது கொடுப்பது மேல். அப்போது எப்படியும் மாடல் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது, சோதனையே வேண்டாம், இடித்துக் கட்டலாம் என்பவரின் யோசனை. இதை ஒதுக்க மாட்டேன். புதுக் கட்டடம் இன்றைய விதிப்படி, 135 டிகிரி ரிங்கோடு வந்தால் அதைவிட நல்லது எது. தமிழ்நாடு அப்பார்ட்மென்ட் உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தபிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் போதும் என்றாகிவிட்டது, முன்பு போல ஒரே ஒரு வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் எல்லாம் நின்றுபோகும் நிலை இல்லை. ஆனால் பில்டர் ஜேவிக்கு வர வேண்டுமானால் அவருக்கு விற்க இடம் மிஞ்ச வேண்டும். மனை அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எஃப்எஸ்ஐ அன்று 1.5, 2019 விதிகளில் 2. இந்த வித்தியாசத்தில்தான் பில்டரின் லாபம் வர வேண்டும், அந்தக் காலத்தில் கொஞ்சம் மீறிக் கட்டிய கட்டடம் என்றால் அதுவும் சுருங்கிவிடும். அப்புறம் யுடிஎஸ் (நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்காத பங்கு) தகராறு, வாடகை, கோர்ட். எல்லாம் சுமுகமாகப் போனாலும் பேச்சு ஆரம்பித்துச் சாவி கைக்கு வர நான்கைந்து வருஷம் ஆவது சாதாரணம். சித்தப்பாவுக்கு 74. அந்த நான்கைந்து வருஷமும் பேச்சு நடக்கும் காலத்தில் குடியிருப்பது இதே ஸ்டில்ட் மேல்தான்.

அதனால் என் முடிவு இது. முதல்நிலை மதிப்பீடு, அதோடு கவர் மீட்டர், ஸ்டில்ட்டில் மட்டும் மூன்று நான்கு கோர். தோற்றால், தோற்கும் என்றுதான் நினைக்கிறேன், முழுக் கட்டடத்தையும் பலப்படுத்தும் கனவை விட்டுவிட்டு ஸ்டில்ட்டை மட்டும் எடுங்கள். மேல் மாடிகளில் யார் வீட்டையும் உடைக்க வேண்டாம், யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம். ஆபத்தில் பெரும்பங்கு கீழ்த்தளத்தில் குவிந்திருக்கிறது, பணமும் அங்கே போகட்டும். ஆனால் கீழே விறைப்பேற்றினால் விசை மேலேயும் கொஞ்சம் நகரும், அதைச் சரிபார்ப்பதற்குத்தான் அந்த மாடல்.

ஸ்டில்ட்டைப் பலப்படுத்துவதிலும் தேர்வு இருக்கிறது. பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடும் ஜாக்கெட்டிங் எல்லோருக்கும் தெரிந்தது, நம் ஊர் மேஸ்திரிகளுக்குக் கை பழகியது. ஆனால் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 100 மில்லி கூடும், 9 அங்குல பில்லர் 17 அங்குலமாகும், 20 பில்லரிலும் செய்தால் கார் திருப்ப முடியாது. கார்பன் ஃபைபர் சுற்றுவது இடத்தை அடைக்காது, பிரிந்துபோகும் ரிங்கின் வேலையைச் செய்யும், ஆனால் விறைப்பைக் கூட்டாது, அதனால் ஸ்டில்ட்டின் அடிப்படைக் குறை அப்படியே இருக்கும். என் விருப்பம், கார் நிற்காத நான்கைந்து இடங்களில் இரண்டு பில்லருக்கு நடுவே கான்கிரீட் சுவர் எழுப்புவது. இரண்டு திசையிலும், கட்டடத்தின் இரண்டு ஓரத்திலும் சமமாக, அதற்கு அஸ்திவாரத்தையும் சேர்த்துப் பார்த்து. வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரிக் களிமண் இடங்களில் அஸ்திவாரச் செலவு கூடும், கிண்டி பக்கம் சீக்கிரமே பாறை தட்டும். நடுவில் இருக்கும் ஏழெட்டு பில்லருக்கு மட்டும் ஜாக்கெட். பில்லர்களுக்கு நடுவே சாய்வாக வைக்கும் இரும்பு பிரேசிங்கும் நல்லது, ஆனால் நம் ஊர் உப்புக்காற்றில் வருஷா வருஷம் பெயின்ட் அடிக்காவிட்டால் அதுவும் துருதான். வேலைக்கு வருபவர் உடைந்த கவரைச் சிமென்ட் வைத்துப் பூசி அதையே பலப்படுத்தல் என்று பில் போட்டால் கொடுக்காதீர்கள். துருவைச் சுத்தம் செய்து பூசுவது அவசியமான ரிப்பேர்தான், பலப்படுத்தல் என்பது தனி வேலை.

கோட்டேஷன் கேட்கும்போது கடிதத்தில் இதை எழுதுங்கள்: ஐஎஸ் 15988படி முதல்நிலை மதிப்பீடு, ஸ்டில்ட் தளத்தை இரண்டு திசையிலும் தனித்தனியாகச் சோதித்த கணக்கு, ரிங் இடைவெளியும் நுனி மடிப்பும் போட்டோவோடு, எந்தெந்த பில்லர் என்று எண் போட்ட படம். இதைக் கொடுக்க முடியாதவரிடம் எவ்வளவு குறைந்த தொகைக்கும் போக வேண்டாம். தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமான எஸ்இஆர்சி இருக்கிறது, ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் இருக்கின்றன. இந்தத் துறையில் நாட்டிலேயே பெயர்பெற்ற இடங்கள் நம் ஊரிலேயே இருக்கும்போது, வருகிற அறிக்கையை இன்னொரு ஆளிடம் காட்டிச் சரிபார்ப்பது கஷ்டமில்லை.

போன ஞாயிறு இரண்டாவது மீட்டிங் நடந்தது. 12இல் 10 பேர் மதிப்பீட்டுக்குச் சரி என்றார்கள், பெயின்ட் அடுத்த வருஷம். அதற்கு முன்னால் ஒரு வேலையை அன்றைக்கே முடிவு செய்தோம். ஸ்டில்ட்டில் பாதிச் சுவரும் ஜாலியும் வைத்த ஒரு மூலை அறையில்தான் வாட்ச்மேனும் அவர் மனைவியும் படுக்கிறார்கள், அந்த அறையின் பில்லர்தான் சுரண்டியபோது பெயர்ந்தது. பின்பக்கம் மதில் ஓரமாக ஷீட் போட்ட தனி அறை ஒன்று அவர்களுக்குக் கட்ட இந்த வாரம் ஆள் வருகிறார். அதுவரை மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு அறையில் அவர்கள் படுக்க இடம் ஒழித்துக் கொடுத்திருக்கிறது, சித்தி பாயும் ஃபேனும் கொடுத்தனுப்பினார்.